ஐந்தாவது நொவேலியா

மத்தகல்பா,
செப்டம்பர் 9

என் அன்புக்கும் எரிச்சலுக்கும் உரிய நொவேலியாவுக்கு,

அசுசேனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்ததிலிருந்து நம் ஆஸ்பத்திரி வார்டு முழுக்க வயிற்றுப்போக்குப் பிள்ளைகள்தான். உட்கார நேரமில்லை.

உன் கடிதம் கிடைத்தது. கோஸ்டா ரிக்காவில் உன் நர்ஸ் சான்றிதழ் செல்லவில்லை, ஒரு கிழவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் வேலைதான், ஐந்து மாதமாக ஊசியையே தொடவில்லை, "கை மறந்துபோச்சோன்னு பயமா இருக்குடி" என்று எழுதியிருந்தாய். மூன்று தடவை படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு தடவையும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கோபித்துக்கொள். நரம்பு கிடைக்காத பிள்ளை என்றால் பதினோரு வருடமாக எல்லோரும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொண்டவள் நான். என்னை யார் பார்த்தார்கள்? நன்றிக்குத் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு உன் பேரை வைத்தார்கள். இந்த ஊரில் நான்கு குட்டி நொவேலியாக்கள் ஓடுகிறார்கள். அசுசேனா என்று ஒரு பூனைகூட இல்லை. நீ போன பிறகும், நான் ஊசியை எடுத்தாலே டாக்டர் ஒப்ரெகோன் பெருமூச்சு விடுகிறார். அதைக் கேட்டதும் என் கை நடுங்கும், நரம்பு தப்பிவிடும்.

போன செவ்வாய் காலை, மலைமேல் காப்பித் தோட்டத்திலிருந்து யாதிரா என்றொருத்தி இருபது நாள் பெண் குழந்தையோடு வந்தாள். இன்னும் பேர்கூட வைக்கவில்லை. குழந்தை வற்றிப்போய், அழவும் தெம்பில்லாமல் கிடந்தது. நான் கிட்டே போனதும் மார்போடு இறுக்கிக்கொண்டு, "நொவேலியா சிஸ்டர்தான் குத்தணும். எங்க அக்கா புள்ளயக் காப்பாத்துனவங்க. நீங்க அவங்கதானே?" என்றாள். இல்லை என்று சொல்லியிருந்தால் குழந்தையைத் தந்திருக்க மாட்டாள். "ஆமா, நான்தான். குடும்மா" என்றேன்.

என் கை நடுங்கவில்லை, நொவேலியா. உன்னைப் போலவே நாக்கைக் கடித்துக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே விரலால் தடவித் தேடினேன். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்து ஊசியில் ரத்தம் வந்தது, டிரிப்ஸ் ஏற்றினோம். சாயங்காலம் குழந்தை பால் குடித்தது. டாக்டர் பெருமூச்சு விட மறந்துபோனார்.

குழந்தைக்கு என்ன பேர் வைக்கிறார்கள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பாவி, என் கை செய்த வேலைக்கும் உன் பேர்தான்! வீட்டுக்கு வந்து வயிற்றெரிச்சலில் அழுதேன். அழுது முடித்த பிறகுதான் உன் கடிதத்தை மூன்றாவது தடவை எடுத்தேன். உன் கை மறக்கவில்லையடி. பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே இத்தனை ஞாபகம் இருக்கிறதே, உனக்கு எப்படி மறக்கும்?

ஞாயிறு கோயிலுக்குப் போய், ஃபாதர் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் யாதிராவிடம் என் பேரைச் சொல்லிவிடப்போகிறேன். அவள் மாற்றி வைத்தால் நீ பொறாமைப்படக் கூடாது. மாற்றாவிட்டால் நான் படாமலிருக்கப் பார்க்கிறேன்.

சான்றிதழுக்கு மறுபடி எழுதிப் போடு, விடாதே. மாதா உன் கையைக் காக்கட்டும். திரும்பி மட்டும் இப்போதைக்கு வந்துவிடாதே. இன்னும் ஒரு பிள்ளைக்காவது என் சொந்தப் பேரைச் சொல்லிக் குத்திப் பார்க்க வேண்டும்.

நீ குத்தியபோதெல்லாம் பிடித்துக்கொண்டிருந்த,
அசுசேனா