பொம்மை என்று நான் எழுதிய வாட்ச்

மார்ச் 3, செவ்வாய்

மேசையில் ஐந்து போன்கள். ஐந்தும் புதுசு, ஐந்தும் போன வருஷத்துப் போன்தான். கேமரா இருக்கிற இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. ஆசிரியர் காலையிலேயே கூப்பிட்டார்: "விமர்சனத்துல 'புரட்சி'ங்கற வார்த்தை ஒரு இடத்துலயாவது வரட்டும்மா." மடிக்கிற போனைப் பற்றி நாலு வரி எழுதுவதற்குள் ஆறு தடவை எழுந்துவிட்டேன். எதில் புரட்சி? நடுவில் ஒரு கோடு, இஸ்திரி சரியாகப் போடாத சட்டை மாதிரி.

மதியம் தம்பி வந்தான். பதினொரு வருஷமாக ஒரே கிளப்புக்குக் கால்பந்து ஆடுகிறான், நடுக்களம். வயது முப்பத்தொன்று. இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது, அதைப் பற்றிப் பேசினால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். பேசவில்லை. விமர்சனத்துக்கு வந்திருந்த வாட்சை எடுத்து மாட்டிக்கொண்டான். "நீ சோபால உட்கார்ந்துக்கிட்டே இதை டெஸ்ட் பண்ணுவ. குடு, நான் ஓடிப் பார்க்கறேன்."

நியாயம்தான்.

மார்ச் 5, வியாழன்

வாட்ச் விமர்சனத்தின் முதல் பகுதி வெளியாகிவிட்டது. இதயத்துடிப்பு எச்சரிக்கையை 'பயமுறுத்தி விற்கும் பொம்மை' என்று எழுதியிருந்தேன். வாசகர்கள் ரசித்திருக்கிறார்கள். எனக்கும் பிடித்த வரி.

ஆட்டமும் இப்படித்தான் ஆகிவிட்டது. கோல் விழுந்து நாம் கத்தி முடிப்பதற்குள் திரையில் எண்கள் வந்து நிற்கின்றன: எத்தனை கிலோமீட்டர் ஓடினார், எத்தனை பாஸ் கொடுத்தார். பந்து காலோடு ஒட்டி நிற்கிற அந்த ஒரு நொடிக்கு எந்தக் கருவியில் எண் இருக்கிறது?

மார்ச் 6, வெள்ளி

தம்பி வாட்சைத் திருப்பிக் கொடுத்தான். பதிவானதையெல்லாம் என் போனில் ஏற்றிப் பார்த்தேன். மூன்று நாளில் நாலு தடவை சிவப்பு: 'ஒழுங்கற்ற துடிப்பு.'

அவனிடம் காட்டினேன். சிரித்தான். "நீயேதான பொம்மைன்னு எழுதின?"

ஆமாம். நான்தான் எழுதினேன்.

மார்ச் 7, சனி

நாள் முழுக்க நானே வாட்சைக் கட்டிக்கொண்டேன். மாடிப்படி எட்டுத் தடவை ஏறி இறங்கினேன், மூச்சு வாங்கியதுதான் மிச்சம். சிவப்பு வரவில்லை. வேறொரு கம்பெனி வாட்சை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். இதையும் ஒரு நாள் கட்டிப் பாரேன் என்றேன்.

"வேற வேலை இல்லையாக்கா உனக்கு? தலை லேசா சுத்தும், ஒரு நிமிஷத்துல சரியாயிடும். எல்லாருக்கும்தான்."

"எப்பலேர்ந்து சுத்துது?"

வாயை விட்டுவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. குளிக்கப் போகிறேன் என்று எழுந்து போனான். ஏற்கனவே குளித்திருந்தான்.

மார்ச் 8, ஞாயிறு

கம்பி வேலிக்கு வெளியே நின்று பயிற்சியைப் பார்த்தேன். பாதியில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும். என் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். லேஸ் அவிழவே இல்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தான்.

மார்ச் 9, திங்கள்

சண்டை. டாக்டரிடம் காட்டு என்றேன். அரையிறுதி முடியட்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், அதைப் பார்த்துத்தான் ஒப்பந்தத்தைப் பற்றி முடிவு செய்வார்களாம். "இப்ப இதயம், கிதயம்னு ஒரு பேச்சு வந்தாலே போதும், என் கதை முடிஞ்சுது. உனக்கென்ன, ஒரு போன் நல்லா இல்லைன்னா அடுத்த போன் வரும். எனக்கு இது ஒண்ணுதான்."

அப்போ நான் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லு. அதோட உனக்குத் தம்பி இல்லைன்னு நினைச்சுக்கோ."

ஒரு வேலையும் ஓடவில்லை. ஐந்து போனையும் சார்ஜில் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். அவன் உயிர் அவனுடையதுதானே? நான் யார்? — அக்கா. வேறென்ன.

மார்ச் 10, செவ்வாய்

கிளப் டாக்டரைப் பார்த்தேன். கறாரான அம்மா. வாட்ச் கணக்கை நீட்டியதும், "இதையெல்லாம் நான் நம்பறதில்லை" என்றார்.

"நானும்தான் நம்பறதில்லை, டாக்டர்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"அவிழாத லேஸை ரெண்டு தடவை கட்டினான்."

பேனாவை மூடி வைத்தார். உட்காருங்கள் என்றார்.

மார்ச் 11, புதன்

காலையில் அவனைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கூப்பிட்டால் அவன் எடுக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

இதயத்தில் மின்துடிப்பு போகிற பாதை அவனுக்கு ஒன்று கூடுதலாக இருக்கிறதாம். பிறவியிலேயே. சிகிச்சையில் சரிசெய்யலாம், அதுவரை ஓடவே கூடாது. டாக்டர் எங்கள் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறார், அம்மா என்னிடம் சொன்னாள். "உனக்கு முன்னாடியே தெரியுமாடீ? தெரிஞ்சும் என்கிட்ட சொல்லலையா?" அவளுக்கும் நான் குற்றவாளி.

ஞாயிறு அவன் ஆடியிருந்தால்? வேண்டாம். அதை யோசிக்கப் போவதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். தனியாகப் பார்த்தேன். நடுக்களம் காலியாகக் கிடக்கிறது என்று வர்ணனையாளர் பத்துத் தடவையாவது சொன்னார். தெரியும்யா, தெரியும்! டிவியை அணைத்தேன். அப்புறம் பொறுக்காமல் மறுபடி போட்டேன்.

மார்ச் 18, புதன்

ஆசிரியருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "'தம்பி உயிரைக் காத்த வாட்ச்'! இதைவிட ஒரு தலைப்பு கிடைக்குமா?" முடியாது என்றேன்.

இரண்டாம் பகுதியை இப்படி எழுதினேன்: பட்டை அரிக்கிறது. சார்ஜ் இரண்டு நாள்கூட நிற்பதில்லை. துடிப்பு எச்சரிக்கை தவறாகவும் வரலாம், வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் பகுதியில் அதைப் பொம்மை என்று எழுதினேன். சோதிக்காமல் எழுதியது, என் தவறு.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பளிச்சென்று ஒரு வரியும் இல்லை. பாராட்டி யாரும் எழுதவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

சிகிச்சை முடிந்தது. நல்லபடியாக. அறைக்குள் போனேன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கால்மணி நேரம் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். மூச்சு சீராக ஏறி இறங்கியது. அது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

புதுசாக மூன்று போன்கள் வந்திருக்கின்றன. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. அவன்.

எப்படி இருக்கே, கிப்படி இருக்கே, ஒன்றும் இல்லை. "கேலரியோட கடைசி வரிசைலேர்ந்து எடுத்தா அந்தப் பக்கத்து கோல்போஸ்ட் தெளிவா தெரியணும். எந்தப் போன் வாங்கலாம்?"

எதற்கு என்று கேட்டேன். ஆறு மாதத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார்களாம். மைதானத்தில் இறங்க இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை மேலே உட்கார்ந்து பயிற்சியை வீடியோ எடுத்து, யார் எங்கே தப்பு செய்கிறார்கள் என்று கோச்சுக்குச் சொல்ல வேண்டுமாம்.

அரைமணி நேரம் பேசினேன். ஜூம், கை நடுக்கம், வெயிலில் திரை தெரியாமல் போவது, எல்லாம். புதுசு எதுவும் வேண்டாம், போன வருஷத்து மாடலே போதும் என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டான். எழுதிக்கொள்கிற சத்தம்கூடக் கேட்டது.

"உன்மேல கோவம் போகலை, தெரிஞ்சுக்கோ."

"சரிடா."

"நாளைக்குக் கடைக்குப் போறேன். வர்றியா?"