படிவத்தில் இல்லாத சொல்

அன்பு மகளுக்கு,

உன் பள்ளி விடுதியில் இளையோர் உடல்தகுதி ஆய்வு நடத்திய மருத்துவக் குழு, உன் படிவத்தைப் பெற்றோர் கையெழுத்துக்காகப் போடியில் நம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. ஆறு நிமிடத்தில் நீ நடந்த தூரம் உன் வயதுக்கு மிகக் குறைவாம். காரணம் ரத்தசோகை. நான்கு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். ‘சோம்பேறி’ என்ற சொல் எங்கும் இல்லை. குரங்கணித் தோட்டத்துக்கு ஏறும்போது நீ மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்திலெல்லாம் நான் சொன்ன சொல் அது.

உன் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ரெண்டு வருசமா வேற நோயி சொன்ன டாக்டரு எங்க போனாரு?”

எனக்கு ஏலக்காய்ச் சோலி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பள்ளியில் வியாழன்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை, “நோயாளிக்குத்தான் அதெல்லாம், தூக்கிப் போடு ஆத்தா” என்று சொன்ன அறிஞரும் நானே. அது உன் அம்மாவுக்குத் தெரியாது. மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம் கேட்ட இடத்தில் நீ ‘மறதி’ என்று எழுதியிருக்கிறாய்.

அதை அடித்துவிட்டு, ‘அப்பா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அனுப்பும் முன் உன் அம்மாவிடமும் காட்டினேன்.

சனிக்கிழமை வந்து உன்னை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். உடம்பு தேறியதும் குரங்கணிக்கு ஏறுவோம். நீ முன்னால் நட. நீ உட்காரும் இடத்தில் நானும் உட்காருகிறேன்.

இப்படிக்கு,
படிவத்தில் உள்ள அப்பா