உப்பில் கிடந்த விதை

பாபநாசம்,
ஜூன் 24

அன்புள்ள பகலவனுக்கு,

மலர்க்கொடி எழுதுகிறேன். நானும் அத்தையும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். போனில் நீங்கள் அழாதே அழாதே என்கிறீர்கள். நான் அழவில்லை. அதைப் பேச்சில் சொல்ல வரவில்லை. எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. உங்களுக்குப் பதிலாகப் பஞ்சநதம் சித்தப்பாதான் எல்லாம் செய்தார்.

மாமா தவறிய அன்று காலை அவரும் நானும் குறுவைக்கு விதை பிரித்துக்கொண்டிருந்தோம். டிரம்மில் முட்டை மிதக்கும்வரை உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டி, மிதந்த பதரை அரித்தெடுத்தோம். மூழ்கிய நெல்லை உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அதற்குள் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் டிரம் ஞாபகம் வந்தது. அலசிச் சாக்கில் கட்டி வைத்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை.

நீ டீச்சர்தானே, ஏன் முளைக்கலன்னு சொல்லு என்றார் அத்தை. பதினொன்றாம் வகுப்புக்கு நடத்துவதையே சொன்னேன். செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு, இரண்டு அடுக்குக் கொழுப்பு. தண்ணீர் தானாகப் போய்வரும். உப்பு போன்றவற்றுக்குப் புரதத்தால் ஆன வாசல்கள். வெளியே உப்பு மிகுந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியேறிவிடும். புகுந்த உப்பைத் திருப்பித் தள்ள, செல் தன் சக்தியைச் செலவழிக்கும். சக்தி தீர்ந்தால் தள்ளுவதும் நின்றுவிடும். அதுவும் எவ்வளவு நேரந்தான் தள்ளிக்கிட்டே இருக்கும் என்று சொல்லிவிட்டு அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் பள்ளியில் அதே பாடத்தை நடத்தினேன். படம்கூடக் கோணாமல் வந்தது.

சித்தப்பா கொடுத்த விதையில் நாற்றங்கால் பச்சை பிடித்துவிட்டது. வயலைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கெட்டுப்போன நெல்லில் ஒரு பிடியை டம்ளரில் போட்டுத் தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். முளைக்காது என்று எனக்குத் தெரியாதா? அத்தையிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஆட்டோவில் ஏற்றும்போது மாமா, நெல்லை அலசிடும்மா என்றார். சரி மாமா என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அக்டோபரில்தான் லீவு என்று அங்கிருந்தே முடிவு செய்துவிடாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள். முப்பதாம் நாளுக்காவது வாருங்கள். உங்களைப் பார்த்தால்தான் எனக்கு அழுகை வரும் போலிருக்கிறது. எனக்கு அழ வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மலர்க்கொடி