கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்

என்னங்க, வணக்கம். கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்?

இங்கே என்னைப் போன்ற புது ஆசிரியர்களுக்குத் துணையாக ஒரு பயிற்சியாளர் அம்மாவைப் போட்டிருக்கிறார்கள். என் கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், வேலை நிரந்தரமாவதற்குள் என்னைக் கழற்றிவிட வந்தவர் என்றே நினைத்தேன். அன்றைக்கென்று இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், ஒருத்தி அழுதாள், கரும்பலகையில் கணக்கு பாதியில் நின்றது. அத்தனையும் பார்த்துவிட்டு அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கேள்வி கேட்டதும் நீங்களே பதில் சொல்லிடறீங்க டீச்சர். கேட்டுட்டுக் கொஞ்சம் சும்மா நில்லுங்க."

"மத்த தப்பெல்லாம்?"

"அதெல்லாம் அப்புறம். ஒரேயடியா சொன்னா எதைத்தான் செய்வீங்க?"

மற்றதைத் தலைமையாசிரியரிடம் சொல்லத்தான் வைத்திருக்கிறாரோ? இருந்தாலும் நேற்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, சாமியை வேண்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இதுவரை வாயே திறக்காத பெண் எழுந்து சரியான பதிலைச் சொன்னாள்! அந்த அம்மா பின்னாலிருந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் நம்பவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இன்னொன்று. ஃபோனில் "நல்லாயிருக்கியா? நல்லாத்தான் இருப்பே" என்று நீங்களே முடித்துவிடுகிறீர்கள். அடுத்த முறை கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள் மனைவி