முப்பத்தெட்டு கூடைகள்

4 மார்ச், திங்கள்
உழவர்கரை அலுவலகத்தில் இன்று ஒரு புது மொழியை என் தலையில் கட்டினார்கள். மனிதர் பேசும் மொழி இல்லை, கணினிக்கான மொழி. ஓரிடத்துக்கு ஆட்கள் வந்து, காத்திருந்து, வேலை முடித்துப் போவதை அதில் எழுதி ஓட்டிப் பார்க்கலாமாம். எங்கள் குப்பத்தில் வரப்போகிற மீன் விற்பனைக் கூடத்தில் எத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்று நான் அதில் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றே வாரம். மேலாளர் நாகராஜ் சாரிடம் பயிற்சி கேட்டேன். "நீ வைத்திக்குப்பம் பொண்ணுதானே? மீனு உனக்குத் தெரியும். மொழி தானா வந்துடும்" என்றார். வருமாம்!

7 மார்ச்
வரி 41-ல் பிழை என்கிறது. பிழை இருந்தது 12-ல். ஒரு அரைப்புள்ளிக்காக நாள் முழுக்கப் போச்சு. சனியன்.

13 மார்ச்
ஓடிவிட்டது! திரையில் புள்ளிகள் வருகின்றன, வரிசையில் நிற்கின்றன, கிளம்புகின்றன. சந்தோஷத்தில் அழுகையே வந்தது. மூன்று காலை கடற்கரையில் கடிகாரத்தோடு நின்று எடுத்த கணக்கு அது. இப்போது முப்பத்தெட்டு பெண்கள் விற்கிறார்கள். பாதி நேரம் சும்மா இருக்கிறார்கள், பதினாறு பேர் போதும் என்று வந்தது. சார் கைகொடுத்தார்.

14 மார்ச்
அப்போ மீதி இருபத்திரண்டு பேர்? அங்கே கூடை வைத்திருக்கும் அம்மாவும் அதில் இருந்தால்? நேற்று ஏன் இது எனக்குத் தோன்றவில்லை? சாரிடம் கேட்டேன். "நம்பரு பொய் சொல்லாதும்மா." அந்த நம்பருக்குத் தீனி போட்டவள் நான்தானே.

16 மார்ச், சனி
இன்று கடிகாரம் இல்லாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். அம்மா முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் அவர் தாண்டிப் போய், வேறொருவருக்குச் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்த சின்னப்பொண்ணு அத்தைக்காகக் காத்து நின்றார். கூப்பிட வாயெடுத்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். "அவரு அத்தையோட வாடிக்கை. நாம கூப்புட்டா நாளைக்கு எம்மூஞ்சில முழிப்பாளா அவ?" நான், "அப்ப ஆள் வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கற?" என்றேன். கத்தியோடு திரும்பினாள். "இத்தினி மீன ஆஞ்சது யாரு? சும்மா குந்திகினு இருக்கறோம்னு எந்த நாயி சொன்னது?"

அந்த நாய் நான்தான்.

என்ன எழுதி வைத்திருக்கிறேன்! ஒரே வரிசை, எந்தக் கை காலியோ அங்கே போ. வங்கியில் டோக்கன் எடுத்து நிற்கிறவர்களைப் போல. இருபத்தாறு வருஷம் அந்தக் கூடைச் சோற்றைத் தின்றுவிட்டு!

18 மார்ச்
திருத்திவிட்டேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி வரிசை. மீன் ஆயும் நேரமும் வேலைதான். இப்போது பதினாறு பேரை வைத்து ஓட்டினால், வருகிறவர்களில் பாதிக்கு மேல் தங்கள் வாடிக்கைக்காரியைக் காணாமல், வாங்காமல் திரும்புகிறார்கள். சார் பார்க்கவே இல்லை. "கூடம் கட்டறவங்களுக்குப் பழசையே அனுப்பிட்டேன். உங்கம்மா எடத்தக் காப்பாத்த மாடலை வளைக்கறியா?" வளைந்திருந்தது முன்னாடிதான் சார்! அதுக்குத்தான் நீங்க கைகொடுத்தீங்க! — சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். கோழை.

22 மார்ச்
கூடம் கட்டுகிறவர்களோடு கூட்டம். அவர்கள் பக்கம் நிர்மலாதேவி மேடம். சார் "பதினாறு" என்றதும் எழுந்துவிட்டேன். "அது என் தப்பு மேடம். நான்தான் தப்பா எழுதினேன்." இரண்டையும் ஓட்டிக் காட்டினேன். சார், "யார்கிட்ட வாங்கினாலும் மீன் மீன்தானே மேடம்" என்றார்.

மேடம் கேட்டார்: "நீங்க எங்க வாங்குவீங்க நாகராஜ்?"

"பெரிய மார்க்கெட்ல."

"யார்கிட்ட?"

"எப்பவும் பாக்கியலட்சுமிகிட்டதான்..."

5 ஏப்ரல்
மேடத்திடமிருந்து கடிதம் வந்தது. முப்பத்தெட்டு இடம். அடுத்த வேலையை சார் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கட்டும்.

புதுக் கூடத்தில் உனக்கும் இடம் உண்டு என்று அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு இல்லாம?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.