ஒலிபெருக்கிக்குக் கீழே ஒரு வாயில்லாப் பூச்சி

என் கண்ணு பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மா, தம்பி, நான் மூவரும் சுகம். என் தொண்டை மட்டும் சுகமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது, உன் கடிதத்தைத்தான் நாலு தடவை படித்துவிட்டேனே. போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். பேசக் கூடாதாம். பத்தொன்பது வருஷமாக ரயில் நிலையத்து மைக்கில் வண்டி வருது, வண்டி போகுது என்று அறிவித்ததில் குரல்நாண் வீங்கிவிட்டது, பதினைந்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற உன் அம்மா, "ஒரு மாசமாக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டாள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் தலைக்குச் சாயம் பூசுகிறேன் என்று காது வரை கறுப்பாக்கிக்கொண்டதைக்கூட யாரிடமும் சொல்ல வழியில்லாமல் எனக்கு வயிறு உப்பிவிட்டது.

உள்ளதைச் சொல்கிறேன், கெட்டது தொண்டை மட்டுமில்லை. ஒரு வருஷமாகவே எனக்கு எல்லாம் சலித்துவிட்டது. நிலையத்து மாடியில் ஜன்னல் இல்லாத அறை, எதிரே சுவர், ஒரு மைக், ஒரு ஃபேன். யாருக்குச் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள், ஒன்றும் தெரியாது. காலையில் செருப்பை மாட்டவே கால் வராது. போன வியாழக்கிழமை, வேலையை விடுகிறேன் என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலாளரைப் பார்க்கப் போனேன். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார், மூன்றாம் நடைமேடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வண்டி நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. பக்கத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு தையற்காரம்மா, காலடியில் துணி மூட்டை. "பத்தரை வண்டி எங்கண்ணே வரும்?" என்றாள். நான் வாயைத் தொட்டுக் கையை விரித்தேன். "ஐயோ பாவம், பேச்சு வராதா?" என்று பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அடுத்து மேலே ஒலிபெருக்கியைக் காட்டி, "எனக்கும் கண்ணு மங்கல், வண்டி விவரம் ஓடுற பலகையில ஒண்ணும் தெரியாதுண்ணே. இதுல ஒருத்தர் பேசுவாரு, அவர் சொல்ற பக்கம் நடந்துடுவேன். எட்டு வருஷமாச்சு, ஒரு நாள் தப்பினதில்ல. இந்த வாரம் வேற பொண்ணு பேசுது. மனுஷனுக்கு என்னாச்சோ, நல்லா இருக்கணும்" என்றாள்.

அம்மாடி, அவள் சொன்ன அந்த ஒருத்தர் நான்தான். சொல்ல விஷயம் இருந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது வாழ்நாளில் அன்றைக்குத்தான். அதற்குள் என் இடத்தில் உட்கார்ந்திருந்த டிக்கெட் கவுன்ட்டர் பெண் நடுங்கும் குரலில், பத்தரை வண்டி மூன்றில் இல்லை, ஐந்தில் வரும் என்றாள். அவ்வளவுதான், முந்நூறு பேர் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். குழந்தைகள் இடுப்புக்கு ஏறின, பெட்டிகள் தலைக்கு ஏறின, கடித்த பன் கடித்தபடி வாயில் நின்றது. தையற்காரம்மா மூட்டையைத் தோளில் போட்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் விறுவிறுவென்று படியேறிப் போனாள். ஒரு சொல்லுக்கு இத்தனை கால்களா! சுவரைப் பார்த்துக்கொண்டு பத்தொன்பது வருஷமாக நான் செய்துகொண்டிருந்தது இதையா! மேலாளர் கூப்பிட்டபோது, 'நான் என்றைக்குத் திரும்பி வரலாம்?' என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினேன். அந்த ராஜினாமா சட்டையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்க் கூழாகிவிட்டது. அன்றைக்கு வீட்டு மாடிப்படியை நடுவில் நிற்காமல் ஏறினேன். நீ நம்ப மாட்டாய், உன் அம்மாவும் நம்பவில்லை.

நீ எழுதியிருந்தாய், "நாள் முழுக்க லேப்ல ரத்த டியூப், ஒண்ணு முடிஞ்சா அடுத்தது, யாரோட ரத்தம்னே தெரியல, அசந்துபோச்சுப்பா, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடட்டுமா" என்று. வா என்று எழுதத்தான் கை துடிக்கிறது. உன் அறையில் தம்பி ஓர் உடற்பயிற்சி சைக்கிளை வைத்து அதில் துணி காயப்போடுகிறான், ஒதுக்கிவிடலாம். ஆனால் முதலில் இரண்டு நாள் லீவு போட்டுத் தூங்கு. மூன்றாம் நாள் உன் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறவர்கள் நடுவில் ஒரு மணி நேரம் போய் உட்கார். நீ யார் என்று சொல்லாதே. அந்தக் காகிதத்தை வாங்குகிற கைகளை மட்டும் பார்.

நோய்நொடி அண்டாமல் நூறு வருஷம் நன்றாக இரு மகளே. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. பார்த்துவிட்டு வந்தும் மனம் ஒப்பவில்லை என்றால் கூச்சப்படாமல் பெட்டியைக் கட்டு. உன் வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதை அப்பாவே சொல்கிறேன்.

இன்னும் ஆறு நாளைக்குப் பேசாத,
உன் அப்பா