முப்பத்திரண்டுக்குள் ஒரு நான்கு

7 ஜூலை, திங்கள்

காலையிலிருந்து மழை. காலுறை ஈரம். இருந்தாலும் நல்ல நாள். பள்ளி சர்வரில் எங்கள் தமிழ் மன்றத்துக்கும் ஒரு மெய்நிகர் கணினி! ஒரே பெட்டிக்குள் பல கணினிகள், ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் ஒரு பங்கு. (இதைப் பற்றி இரண்டு புத்தகம் படித்தாயிற்று.) படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பில், படிக்கும் பிள்ளைகள் பேசிப் பதிவு செய்த பன்னிரண்டு கதைகளும் அதில்தான் ஏறும்.

யாழினி ஓடி வந்தாள், படிவம் ஒன்றிலேயே குட்டி. "அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள என் கதை வந்துருமா? அம்மா சிங்கப்பூர் பஸ்ல போறப்ப கேக்கணும்னாங்க."

வரும் என்று சொல்லிவிட்டேன்.

8 ஜூலை, செவ்வாய்

எங்கள் கணினி ஓடவில்லை! பெட்டியில் 64 ஜிபி நினைவகம். மென்பொருள் லைசென்ஸ் 32க்கு மட்டும். ஓடும் கணினிகளுக்கு ஒதுக்கியதை எல்லாம் கூட்டுகிறது; பயன்படுத்தினோமா என்று பார்ப்பதே இல்லை.

ரோபோ மன்றம் 16
விளையாட்டு மன்றம் 8
'பயிற்சி-2' என்று ஏதோ ஒன்று 8

எனக்கு வேண்டியது 4. மிச்சம் பூச்சியம்.

ரோபோ மன்றம் பதுக்குகிறது. வாட்சப் குழுவில் அப்படியே எழுதிவிட்டேன்.

9 ஜூலை, புதன்

கேண்டீனில் தோழி கவிதாவுக்குத் தண்ணீர்ப் போத்தல் வைத்து இடம் பிடித்தேன். அவள் வரவே இல்லை. மூன்று பேர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். லைசென்ஸும் இப்படித்தான்! போத்தலை எண்ணுகிறது, ஆளை அல்ல.

ரோபோ மன்றத் தலைவர் ரூபன் அண்ணன் மடிக்கணினியோடு வந்து நின்றார். "பாரு தங்கச்சி. பதினாறுல பதினஞ்சு ஓடுது. நாங்களா பதுக்குறோம்?"

உண்மைதான். பிறகு 'பயிற்சி-2'ஐத் திறந்தார். எட்டில் அரை ஜிபிகூட ஓடவில்லை. உருவாக்கியவர் பெயர்: என் பெயர். போன வருடம் பழகிப் பார்க்கச் செய்தது. அணைக்க மறந்திருக்கிறேன்.

"அலமாக்! திருடனும் நீதான், போலீசும் நீதானா லா!"

காதெல்லாம் சுட்டது.

10 ஜூலை, வியாழன்

குழுவில் மன்னிப்பு. நான்கு வரி, கேண்டீன் போத்தல் கதையோடு. ரூபன் அண்ணன் ஒரு போத்தல் படம் மட்டும் அனுப்பினார்.

சர்வர் பொறுப்பு லட்சுமி டீச்சர். போய்ச் சொன்னேன். "சரி, அதை அணைச்சிரு. எட்டும் உனக்கா?"

"நாலு போதும் டீச்சர்."

அணைத்தேன். எங்களுடையதை இயக்கினேன். ஓடியது! ஓடியது! யாழினியை இழுத்து வந்து அவள் கதையை அழுத்தினேன். கதைக்கு முன்னால் அவள் குரல்: "அக்கா, கேக்குதா?" அதை வெட்ட மறந்திருக்கிறேன்.

பக்கத்தில் யாழினி குதிக்கிறாள். "கேக்குது! கேக்குது!"